ஈரம் படத்தை 'ஸ்லோ' என்று சொன்ன பிள்ளைகளுக்கு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் 'தமிழில் வந்த டாப் டென் பேய்ப் படங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டான். காஞ்சனாவில் மூன்று பாகம், அரண்மனையில் நான்கு பாகம், ஆக ஏழு இடம் அதிலேயே போய்விட்டது. எட்டாவது சந்திரமுகி. அடேய், சந்திரமுகியில் பேயே கிடையாது. கங்காவுக்கு மனநோய் என்று படமே வாயைத் திறந்து சொல்கிறது. பட்டியல் போட்ட தம்பி ஆறாம் வகுப்பிலும் கேள்வியை முழுசாகப் படிக்காமல்தான் பதில் எழுதுவான். பரவாயில்லை, இப்போது பெரிய வேலையில் இருக்கிறான், சந்தோஷம்.

'ஈரம் எங்கே?' என்று ஒரே ஒரு வரி நான் கேட்டேன். வந்த பதில்கள்: 'டீச்சர், அது ஸ்லோ.' 'அதுல பேயே வராது டீச்சர், தண்ணிதான் வரும்.' 'பாதியிலே தூங்கிட்டேன்.' என் தம்பி மகன் தனியாக எழுதினான்: 'அத்தை, ராமாயணம் மகாபாரதம்னு பார்க்கிற வயசுல உங்களுக்கு எதுக்கு பேய்ப் படம்?' மகாபாரதத்தில் செத்தவர்கள் எல்லாரும் ஒரு ராத்திரி கங்கையிலிருந்து எழுந்து வருவார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வியாசர் அழைப்பார், தண்ணீருக்குள்ளிருந்து வருவார்கள். அந்த இடம் பிறகு எனக்கு உதவும்.

நான் பார்த்த வரையில் தமிழில் வந்த பேய்ப் படங்களில் ஈரத்துக்கு முன்னால் வைக்க ஒரு படம் இல்லை. அதை மெதுவான படம் என்று தள்ளுகிறவர்கள் அந்தப் படம் யாரைப் பற்றியது என்று பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன், கொஞ்சம் உறைக்கும்.

முதலில் படத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு. 2009 செப்டம்பரில் வந்தது. இயக்கியவர் அறிவழகன், அவருக்கு அது முதல் படம். இயக்குநர் ஷங்கரிடம் உதவியாளராக இருந்தவர், தயாரித்ததும் ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ்தான். ஆதி, சிந்து மேனன், நந்தா, சரண்யா மோகன் நடித்தது. ஒளிப்பதிவு மனோஜ் பரமஹம்சா. இசை தமன், பாய்ஸ் படத்தில் ஐந்து பையன்களில் ஒருவராக வந்தாரே, அவரேதான். வந்தபோது நல்ல பேர் வாங்கிய படம். தெலுங்கில் 'வைசாலி' என்று போய், அங்கேயும் பார்த்தார்கள். இத்தனை இருந்தும் இன்றைக்கு ஒரு பட்டியல் போட்டால் பத்தில் ஒன்றாகக்கூட வருவதில்லை. என் கோபம் அதுதான்.

கதை: ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ரம்யா என்ற இளம் மனைவி குளியல் தொட்டித் தண்ணீரில் பிணமாகக் கிடக்கிறாள். தற்கொலை என்று முடிக்கப் பார்க்கிறார்கள். விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரி வாசுதேவன், கல்லூரிக் காலத்தில் அவளைக் காதலித்தவன். அவனுக்கு மனசு ஒப்பவில்லை. அதற்குள் அதே குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். ஒவ்வொரு சாவிலும் தண்ணீர் இருக்கிறது. முன்னாள் காதலனே விசாரணை அதிகாரியாக வருவது சினிமாவில்தான் நடக்கும், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். மேற்கொண்டு கதையில் முக்கால்வாசியைச் சொல்லத்தான் போகிறேன், முடிவை மட்டும் சொல்ல மாட்டேன்.

'தண்ணிதான் வரும்' என்று எழுதினாயே கண்ணு, அதுதான் பேய். மற்ற படத்தில் வெள்ளைப் புடவையும் விரித்த தலைமுடியும் எதற்கோ, அந்த வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. வாசல் கதவுக்கு அடியில் கசிகிறது. படியில் இறங்குகிறது. குழாய் சொட்டுகிறது. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. படம் முழுக்க வெயிலே அடிக்காத மாதிரி ஒரு மூட்டம். ஒரு சிவப்பு நிறப் பொருள் கண்ணில் பட்டால் அடுத்து ஏதோ நடக்கப் போகிறது என்று வாசு கண்டுபிடிக்கும்போது நமக்கும் அந்தக் கணக்கு பிடிபடுகிறது. பிறகு ஒரு மூலையில் சிவப்பாக எதைப் பார்த்தாலும் வயிறு கலங்குகிறது. யாரும் கத்தவில்லை. யார் முகத்திலும் மாவு பூசவில்லை.

பாழடைந்த பங்களாவில் பேய் இருந்தால் நமக்கென்ன? நம்மில் யார் பங்களாவில் இருக்கிறோம்? வீட்டுக் குளியலறையில் வாளி நிறைந்து வழிகிற சத்தம்தான் நமக்குத் தெரிந்த சத்தம். நான் அந்தப் படத்தை முதலில் பார்த்த ராத்திரி, பின்கட்டில் சரியாக மூடாத குழாயை எழுந்து போய் மூட எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இத்தனைக்கும் நான் அறிவியல் பாடம் எடுத்தவள். 'ஸ்லோ' என்கிறீர்களே, பயம் வருகிற வேகம் அதுதான். ஏரி நிறைவதை உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? கலங்கல் எடுத்து ஓடுகிற அன்றைக்குத்தான் எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போவோம். ஆனால் தண்ணீர் ஏறியது அதற்கு முந்தின இருபது நாள் ராத்திரியில், யாரும் பார்க்காதபோது.

இனி உங்கள் காஞ்சனா, அரண்மனை வகையறாவுக்கு வருகிறேன்.

அந்தப் படங்களை நான் பார்க்காமல் பேசவில்லை. பேரப்பிள்ளைகள் புண்ணியத்தில் எல்லாம் பார்த்தாயிற்று. முதல் ஒரு மணி நேரம் ஒரு கூட்டுக் குடும்பம். நாலு காமெடியன்கள் பயந்து ஒருவர் மடியில் ஒருவர் உட்காருவார்கள். பெண்கள் இடுப்பைக் காட்டி ஒரு பாட்டு. இடைவேளையில் பேய் யார் உடம்பிலாவது ஏறும். கடைசி அரை மணியில் அவசர அவசரமாக ஒரு பழைய கதை: அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல பெண், அவளை இப்படி இப்படிக் கொன்றார்கள் என்று. அது முடிந்ததும் அம்மன் பாட்டு, தீச்சட்டி, சண்டை, சுபம். செத்துப்போன பெண்ணுக்கு இரண்டரை மணி நேரத்தில் கிடைப்பது பதினைந்து நிமிடம். மீதி நேரம் அவளைப் பார்த்து நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். சிரித்து முடித்துவிட்டு, 'ஐயோ பாவம், இவளையா கொன்றார்கள்' என்று உச்சுக்கொட்டுகிறோம்.

2011-இல் வந்த காஞ்சனாவுக்கு ஒரு மரியாதை உண்டு, அதை மறைக்க மாட்டேன். சரத்குமார் திருநங்கையாக வந்த அந்தப் பகுதி. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கொல்கிறார்கள். திருநங்கை என்றாலே கேலிக்கு வைத்திருந்த சினிமாவில், ஒரு திருநங்கைக்காகக் கண்ணீர் விடவைத்தது சின்னக் காரியம் இல்லை. அதே படத்தின் முன்பாதியில் சிரிக்கவைக்க என்னென்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அரண்மனைக்கு அந்த மரியாதையும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஈரத்தில் ரம்யாவைக் கொன்றது யார்? கையால் கொன்றது அவள் புருஷன் பாலகிருஷ்ணன். நந்தா நடித்திருக்கிறார், எத்தனை அமைதியான முகம், பார்க்கும்போதே கூசுகிறது. ஆனால் அவன் மனசில் சந்தேகத்தை ஊற்றியவர்கள் வேறு. அந்தக் குடியிருப்பின் பேச்சு. யாரோ வந்தான், யாரோ போனான், நான் பார்த்தேன், நான் கேட்டேன் என்று ஆளுக்கொரு சொட்டு. யாரும் ஒரு குடம் ஊற்றவில்லை. எல்லாம் சொட்டுதான். அதனால்தான் அந்தப் பேய் நேராகப் புருஷனிடம் போகாமல் அக்கம்பக்கத்தில் தொடங்குகிறது. நான் தமிழில் பார்த்த வேறு எந்தப் பேய்ப் படத்திலும் இது இல்லை. மற்ற படங்களில் பேய் தேடுவது வில்லனை: நிலம் பிடுங்கியவன், கற்பழித்தவன், மந்திரவாதி. நாம் யாரும் மந்திரவாதி இல்லை, ஆகையால் நிம்மதியாகப் பாப்கார்ன் தின்னலாம். ஈரத்தில் பேய் தேடுவது பக்கத்து வீட்டுக்காரரை.

'புறம் பேசினதுக்கு சாவா டீச்சர், ஓவரா இல்ல?' என்று ஒரு பெண் குழுவில் கேட்டிருந்தாள். நல்ல கேள்வி, சட்டப்படி ரொம்ப ஓவர்தான். பேய்க்கதை தீர்ப்புப் புத்தகம் இல்லையே அம்மா. கோர்ட்டில் எழுத முடியாத குற்றத்தைக் கதையில் எழுதுகிறார்கள். புருஷன் மேல் கேஸ் போடலாம். 'அந்த வீட்டுக்கு யாரோ வர்றாங்க போல' என்று சொன்ன வாய் மேல் எந்தப் பிரிவில் போடுவீர்கள்?

'இது ஜப்பான் காப்பி' என்று படித்த பையன் ஒருவன் எழுதியிருந்தான். 2002-இல் வந்த 'டார்க் வாட்டர்' படத்தைச் சொல்கிறான். ஹிடியோ நகாட்டா எடுத்தது, பிறகு ஹாலிவுட்டிலும் மறுபடி எடுத்தார்கள். அதையும் பார்த்தேன், அருமையான படம். ஒழுகுகிற அடுக்குமாடி வீடு, மேல்தளத் தண்ணீர்த் தொட்டி, அதில் இறந்துபோன ஒரு குழந்தை. அந்தக் குழந்தை தேடுவது ஒரு அம்மாவை. ரம்யா தேடுவது என்ன, அந்தக் குழந்தை தேடுவது என்ன? தண்ணீரும் அடுக்குமாடியும் ஒன்றாக இருப்பதால் காப்பி என்றால், அடுப்பும் பாத்திரமும் இருக்கிற எல்லாச் சமையலும் ஒரே சமையல்தான். அறிவழகன் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம், எனக்கென்ன அதைப் பற்றி. செத்தவர்கள் தண்ணீர் வழியாக வருவார்கள் என்பதை நாம் ஜப்பானிடம் கற்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கங்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பக்கத்தில் சொல்கிறேன். நம் பக்கத்து வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்தான் பூவாடைக்காரி. கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ போய், குடம் ஜோடித்து, பூ சுற்றி, பம்பைக்காரர் பம்பை அடித்து அவளைக் கூப்பிடுவார். அவள் வருவாள். வந்து யார் மேலாவது இறங்கிப் பேசுவாள். பிறகு அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்து, புதுச்சேலை வைத்துக் கும்பிடுவோம். தண்ணீரிலிருந்துதான் அவளை அழைக்கிறோம். மஞ்சள் தண்ணீர் தளும்பத் தளும்பக் குடம் வாசல்படி தாண்டுவதைச் சின்ன வயசில் பார்த்து எனக்கு வந்த பயம் இருக்கிறதே, அதே பயத்தை 2009-இல் ஒரு சினிமா எனக்குத் திரும்பக் கொடுத்தது. இதில் ஜப்பான் எங்கே வந்தது?

அந்தப் பூவாடைக்காரிகள் எப்படிச் செத்தார்கள் என்று உங்கள் வீட்டில் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். 'காய்ச்சல்' என்பார்கள், 'பிரசவத்தில்' என்பார்கள், உண்மையாகவே இருக்கும். சில வீட்டில் 'கிணத்துல விழுந்துட்டா' என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஏன் விழுந்தாள் என்று கேட்டால் உள்ளே ஏதோ வேலை வந்துவிடும்.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள், திருவாலங்காட்டுப் பக்கம், நம் தொண்டை நாட்டுக் கதை. புருஷன் கொன்றுவிடுகிறான். அவள் பேயாக வருகிறாள். கையில் ஒரு கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கிக்கொண்டு, 'இவன் என் புருஷன்' என்று ஊர்ச் சபையின் முன் அழுகிறாள். எழுபது வேளாளர்களும் அவனை அவளோடு அனுப்பி, அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். ராத்திரியில் அவனை அவள் கொல்கிறாள். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். காலம் காலமாக இந்தக் கதையில் நாம் எடுத்துக்கொண்டது என்ன? வேளாளர் வாக்குத் தவறாத பெருமை. அப்புறம் ஒரு சொல்: நீலிக் கண்ணீர். பொய் அழுகைக்கு அவள் பெயரை வைத்துவிட்டோம். சபையில் அவள் அழுதது நடிப்பாகவே இருக்கட்டும், அவள் கொலை செய்யப்பட்டது நடிப்பா? முப்பது வருஷம் வகுப்பில் மரபுத்தொடர் நடத்தியிருக்கிறேன், 'நீலிக் கண்ணீர் என்றால் பொய்யான அழுகை' என்பதுதான் பாடப்புத்தகத்தின் பதில். மதிப்பெண் இரண்டு. கொலையானவள் அழுதால் இந்த மொழியில் அதற்குப் பெயர் பொய்.

மலையாளத்தில் 1964-இல் 'பார்கவி நிலையம்' வந்தது. வைக்கம் முகம்மது பஷீர் எழுதி, ஏ. வின்சென்ட் இயக்கியது. அங்கேயும் பார்கவி கிணற்றில் விழுந்து செத்தாள், காதல் தோல்வி, தற்கொலை என்று ஊரே சொல்கிறது. அந்த வீட்டில் குடிவரும் எழுத்தாளர் ஒருவர் மட்டும் ஊர் சொல்வதை நம்பாமல் அந்தப் பேயிடம் பேசிப் பார்க்கிறார். அவளை யாரோ கிணற்றில் தள்ளியது அப்படித்தான் வெளியே வருகிறது. 2023-இல் 'நீலவெளிச்சம்' என்று திரும்ப எடுத்தார்கள் என்றால், கேரளத்தில் அந்தப் படத்தை அறுபது வருஷமாக மறக்கவில்லை என்று பொருள். நாம் பதினைந்து பதினாறு வருஷத்திலேயே ஈரத்தைத் தூக்கிப் பரணில் போட்டாயிற்று.

இனிதான் உறைக்கிற இடம்.

பேப்பரில் ஒரு வாசகம் பல வருஷமாகப் படித்து வருகிறேன்: 'தீராத வயிற்றுவலியால் இளம்பெண் தற்கொலை.' எத்தனை வயிற்றுவலி! தமிழ்நாட்டுப் பெண்களுக்கு மட்டும் இப்படி ஒரு வயிற்றுவலி கல்யாணமான ஒன்றிரண்டு வருஷத்தில் எங்கிருந்து வருகிறது? வரதட்சணைக் கொடுமைக்கு 1983-இல் 498ஏ வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் செத்தால் விசாரணை வேண்டும் என்று சட்டமே சொல்லி, ஆர்.டி.ஓ. வந்து கேட்கிற முறையும் வந்தது. 1986-இல் 304பி, வரதட்சணைச் சாவு என்றே தனிப் பிரிவு. இப்போது நம்பர்கள் மாறிவிட்டன, சட்டம் இருக்கிறது. ஆனால் ஆர்.டி.ஓ. யாரைக் கேட்பார்? அக்கம்பக்கத்தைத்தான் கேட்பார். அக்கம்பக்கம் என்ன சொல்லும்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. அதுவரைக்கும் அவளைப் பற்றி அத்தனை பேசிய வாய் அன்றைக்கு மட்டும் 'எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று மூடிக்கொள்ளும்.

என்னிடம் படித்த ஒரு பெண். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன், உங்களில் சிலருக்கு யாரென்று தெரியும், அவர்களும் சொல்ல வேண்டாம். எட்டாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. கட்டிக்கொடுத்து இரண்டாம் வருஷம், விவசாயக் கிணறு, வயிற்றுவலி. சாவுக்குப் போனேன். பந்தலில் உட்கார்ந்து பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவள் செல்போனில் யாரிடமோ பேசுவாளாம். யாரிடம் என்று ஒருத்திக்கும் தெரியாது. பேசுவாளாம், அவ்வளவுதான். 'ஆம்' என்று முடிகிற ஒரு சொல். 'யாரிடம் பேசினாள், நீ பார்த்தாயா?' என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, டீச்சர் என்பதால் சும்மா விட்டார்கள். அவள் பேசியது அவள் அம்மாவிடம். அம்மா ராத்திரி எல்லாம் அழுதுகொண்டு என்னிடம் சொன்னது அது.

ஈரம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். அந்தப் படம் எனக்கு 'ஸ்லோ'வாகத் தெரியாததற்கு நீங்கள் வேறு காரணம் தேட வேண்டாம்.

நீங்கள் தூங்கிப்போனதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன் அல்லவா? நம் குழுவைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். ஆறு மாசத்தில் உங்களோடு படித்த மூன்று பெண்களைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். ஒருத்தி ஏன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒருத்தி வேலைக்குப் போகிற இடத்தில் யாரோடு வண்டியில் வந்தாள். இன்னொருத்தி ஏன் ஸ்டேட்டஸில் சோகப் பாட்டாக வைக்கிறாள். எத்தனை 'ஆம்', எத்தனை 'போல', எத்தனை சிரிக்கிற பொம்மை. எழுதியவர்களில் பையன்களும் உண்டு, பெண்களும் உண்டு, பி.டி.ஏ. கூட்டத்தில் மேடையேறிப் பேசுகிறவர்களும் உண்டு. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் அதே குழுவில் இருக்கிறார்கள். படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பதில் எழுதாததால் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். இதை எழுதிய விரல்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுகிற பேய் போரடிக்காமல் என்ன செய்யும்? மந்திரவாதியைத் தேடுகிற பேய்தான் வசதி.

கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் காதைத் திருகிய உரிமை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. காதல் பகுதி நீளம், அங்கே வேண்டுமானால் எழுந்து போய்க் காபி போட்டுக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்று என்னை உறுத்துகிறது. ரம்யா ஒரு தப்பும் செய்யாதவள், நூற்றுக்கு நூறு உத்தமி என்று நிரூபிக்கப் படம் படாத பாடு படுகிறது. நிரூபித்த பிறகுதான் அவள் கோபத்துக்கு நியாயம் கிடைக்கிறது. நான் கேட்கிறேன்: அவள் பழைய காதலனோடு நாலு வார்த்தை பேசியே இருந்தால்? நாற்பது வார்த்தை பேசியிருந்தால்? தண்ணீரில் அமுக்கிக் கொல்லலாமா? அப்போது அவள் பேயாக வர உரிமை இல்லையா? இந்தக் கேள்விக்குள் போக அந்தப் படத்துக்குத் துணிச்சல் இல்லை. அந்தக் குறையோடும் சொல்கிறேன், இதுவரை வந்ததில் இதுதான் முன்னே நிற்கிறது. அந்தக் கேள்வியையும் கேட்கிற ஒரு படம் வந்தால் ஈரத்தை இரண்டாம் இடத்துக்கு நானே இறக்குவேன்.

'பகுத்தறிவு பேசின டீச்சர் பேய்ப் படத்தைப் பரப்பலாமா?' என்று என் சின்னம்மா மகன் கேட்பார், தெரியும். அண்ணா, எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. புளியமரத்தடியில் ராத்திரி தனியாக நடந்து காட்டி, பிள்ளைகளுக்கு பயம் தெளியவைத்தவள் நான். பேய் இல்லை. கிணற்றில் விழுந்த பெண் இருந்தாள். அவளைப் பற்றிப் பேச ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராதபோது, பேயாக வந்தால்தான் அவள் பேச்சு எடுபடும் என்றால், கதையில் பேய் வரட்டும். உடுக்கை அடித்து 'யாரு நீ, எங்கேருந்து வந்தே?' என்று பூசாரி கேட்கும்போதுதான் சில வீட்டு மருமகள்கள் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சத்தமாகப் பேசியிருக்கிறார்கள். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: 2010-இல் அதே எஸ் பிக்சர்ஸ் தயாரிப்பில் 'ஆனந்தபுரத்து வீடு' வந்தது. நீங்கள் சின்ன வயசில் டிவி முன்னால் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்த மர்மதேசம் நாகா இயக்கியது. அதில் பேய்கள் பிள்ளையைக் காப்பாற்ற வந்த தாய் தகப்பன். அதே நந்தா அதில் நல்லவர், பாவம், எனக்கு அவர் மேல் சந்தேகம் தீரவே முதல் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதையும் யாரும் பேசுவதில்லை. அறிவழகன், ஆதி, தமன் மூவரும் 2025-இல் 'சப்தம்' என்று ஒன்று செய்தார்கள். அங்கே தண்ணீருக்குப் பதில் சத்தம். முயற்சி நல்லது, ஆனால் ஈரத்தின் பக்கத்தில் வைக்க முடியாது. ரம்யா மாதிரி நமக்குத் தெரிந்த ஒருத்தி அதில் இல்லை.

ஈரம் பார்க்கிறவர்கள் செல்போனில் பார்க்காதீர்கள், பஸ்ஸில் பார்க்காதீர்கள். டிவியில் போட்டு விளக்கை அணைத்துவிட்டு, இயர்போன் இல்லாமல், வீட்டுச் சத்தத்தோடு சேர்த்துப் பாருங்கள். மழை பெய்கிற ராத்திரியாக இருந்தால் ரொம்ப நல்லது, ஐப்பசி கார்த்திகை வரைக்கும் காத்திருந்தாலும் தப்பில்லை. தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு 'பார்த்துட்டேன் டீச்சர்' என்று எழுதினால் கேள்வி கேட்பேன்: முதல் சாவுக்கு முன்னால் சிவப்பு எங்கே வந்தது?

பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். எனக்கு எதிராகவும் எழுதலாம், காஞ்சனாதான் உசத்தி என்று காரணத்தோடு எழுதினால் படிப்பேன். முடிவை மட்டும் யாரும் உடைத்துவிடாதீர்கள். என் தங்கச்சி இன்னும் பார்க்கவில்லை, அவள் வீட்டில் கரண்ட் போய்விட்டு வந்துகொண்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.